ஒரு ஹாம், ஒரு விஸ்கி கிளேஸ், மூன்று புகார்கள்

அக்கா ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு, "மேல கருகிடுச்சுடா. பக்கத்துல ஒட்டவே இல்ல. சரி, விஸ்கி விஸ்கின்னு ஒரு வாரமா சொன்னியே, அது எங்கடா போச்சு?" என்றாள்.

ஒரே ஹாம், ஒரே கிளேஸ், மூன்று புகார். மூன்றும் உண்மை. கருகுவதென்றால் எல்லா இடத்திலும் கருகியிருக்க வேண்டும். வழிவதென்றால் எல்லா இடத்திலும் வழிந்திருக்க வேண்டும். மேலே கரி, பக்கத்தில் வெறும் தோல், வாயில் வெறும் இனிப்பு என்று மூன்றும் எப்படிச் சேர்ந்து வந்தன என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அன்றிரவு பாத்திரம் கழுவும்போது தொடங்கிய யோசனை, இரண்டாவது ஹாம் மேசைக்கு வரும்வரை ஓடியது. இது அதன் முழு வரலாறு.

அன்று நடந்தது

ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடை. உப்பும் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பும் சேர்த்துப் பதப்படுத்தி, பெரும்பாலும் புகையும் காட்டியிருப்பார்கள். நான் வாங்கியது எலும்போடு 3.6 கிலோ, தோலும் கொழுப்பும் நீக்காதது. "முழுமையாக வெந்தது" என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது. அதைப் படித்தேன், பொருட்படுத்தவில்லை. நடந்ததில் பாதிக்கு அந்த வரியைப் பொருட்படுத்தாததுதான் காரணம்.

கிளேஸ் என்று சொல்வது இறைச்சியின் மேல் பூசி, ஓவன் சூட்டில் பளபளவென்று இறுகவைக்கும் பாகை. 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 120 மில்லி விஸ்கி, நான்கு மேசைக்கரண்டி தேன், இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி ஆப்பிள் சிடர் வினிகர், ஒரு சிட்டிகை கிராம்புத் தூள். இவ்வளவுதான் சாமான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவிட்டேன்.

விஸ்கியை மட்டும் பாட்டிலிலிருந்து நேராக, எரியும் அடுப்பில் இருந்த பாத்திரத்துக்குள் ஊற்றினேன். பாத்திர விளிம்பைத் தாண்டி ஒரு முழ உயரத்துக்கு நீலத் தீ எழும்பியது. மூடியைத் தேடி எடுத்து மூடுவதற்குள் கை ரோமம் கொஞ்சம் பொசுங்கிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் புகார்ப் பட்டியலில் இது இல்லை என்றாலும், என் கணக்கில் இதுதான் முதல் தவறு.

அப்புறம் ஹாமை ஒரு உலர்ந்த தட்டில் வைத்து, கிளேஸ் முழுவதையும் மேலே ஊற்றி, 180 டிகிரி ஓவனில் நடுத்தட்டுக்குக் கொஞ்சம் மேலே தள்ளினேன். மூடவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, தட்டில் தேங்கியிருந்த சாற்றைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றினேன். அக்கறை இல்லாமல் சமைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றேகால் மணி நேரத்தில் லேசாகப் புகை வந்தது. அது இறைச்சியின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது தெர்மாமீட்டரை உள்ளே செருகிப் பார்த்தேன். 72 டிகிரி. அந்த எண் நல்லதா கெட்டதா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

கருகல்

முதலில் ஓவன் சூட்டைத்தான் சந்தேகித்தேன். 180 டிகிரி அதிகமோ? ஆனால் இரண்டாம் முறை இன்னும் அதிகச் சூட்டில் வைத்தும் அப்படிக் கருகவில்லை. அதனால் அது முழுப் பதில் இல்லை.

பாகில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஓவன் எவ்வளவு கொதித்தாலும் பாகு நூறிலிருந்து நூற்றுப் பத்து டிகிரிக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தண்ணீர் தீர்ந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது. மெல்லிய பூச்சு என்பதால் அப்புறம் சூடு விறுவிறுவென ஏறும். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி வாக்கில் பழுப்பேறத் தொடங்கும். அதற்கு முன்பே, 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும் சர்க்கரை ஒன்று உண்டு: ஃபிரக்டோஸ். தேனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருப்பது அதுதான். போதாததற்கு வினிகரின் புளிப்பும் சூடும் சேர்ந்து சாதாரணச் சர்க்கரையிலும் ஒரு பகுதியை உடைத்து ஃபிரக்டோஸாகவும் குளுகோஸாகவும் மாற்றிவிடுகின்றன. ஆக நான் ஊற்றியது சீக்கிரம் நிறம் பிடிக்கும் ஒரு பாகு. அது தவறில்லை, கிளேஸுக்கு வேண்டியதும் அதுதான். அப்படிப்பட்ட பாகை இரண்டரை மணி நேரம் ஓவனில் விட்டதுதான் தவறு. பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை அது.

இன்னொரு கருகலும் இருந்தது. தட்டை மறுநாள் ஊறவைத்துச் சுரண்டியபோதுதான் புரிந்தது. வழிந்த பாகு உலர்ந்த தட்டில் மெல்லிய படலமாகப் பரவி, ஹாமின் மேல்பரப்புக்கு முன்பே கரியாகியிருந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் வந்த புகை அதனுடையது. அந்தக் கசந்த சாற்றைத்தான் நான் சிரத்தையாக மொண்டு மொண்டு மேலே ஊற்றியிருக்கிறேன். மேல்பரப்பில் இருந்த கசப்பில் ஒரு பங்கு கீழேயிருந்து நானே கொண்டுபோய்ச் சேர்த்தது. தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

மேல்தட்டுக்கு நெருக்கமாக வைத்ததும் ஒரு காரணம். 3.6 கிலோ ஹாம் உயரமானது; அதன் முதுகு மேலே இருக்கும் சூட்டுக் கம்பிக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. கம்பியிலிருந்து நேராக வரும் அனல், ஓவன் காட்டும் எண்ணுக்குக் கட்டுப்பட்டதில்லை.

வழுக்கல்

பக்கங்களில் ஏன் ஒட்டவில்லை? இதற்கு விடை தேட நான் ஹாமை எடுக்கவில்லை. வெறும் கொழுப்புத் துண்டு ஒன்றை நிறுத்திவைத்து அதன்மேல் பாகைத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்த, ஈரமான கொழுப்பின் மேல் தடவியது ஒரு நிமிடத்தில் கீழே வந்துவிட்டது. துடைத்துக் காயவைத்து, கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறிய துண்டில் அதே பாகு பாதி நின்றது. பாகை இன்னும் இறுக்கிக் காய்ச்சித் தடவியபோது கிட்டத்தட்ட முழுதும் நின்றது.

நான்கு நிமிடம் கொதித்த என் பாகு மேப்பிள் சிரப்பைவிட கெட்டியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சாமான்களின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் சாராயமும். அதைப் போய்த் தோலை நீக்காத, வழவழப்பான, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஹாமின் மேல் ஊற்றியிருக்கிறேன். தோல் எதையும் உள்ளே விடாது. உரித்து எறிய வேண்டிய ஒன்றுக்கு மெனக்கெட்டு இனிப்புப் பூசியிருக்கிறேன்.

கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்ததையும் முதல் ஒரு மணி நேரத்தில் உருகிய கொழுப்பு கீழிருந்து தூக்கிக் கழுவிவிட்டது. மிச்சத்தை நான் மொண்டு ஊற்றிய சாறு பார்த்துக்கொண்டது. ஹாமிலிருந்து வடிவது உப்புத் தண்ணீரும் கொழுப்பும். உப்புத் தண்ணீர் சர்க்கரையைக் கரைக்கும், கொழுப்பு அதை ஒட்டவிடாது. கழுவுவதற்கு இதைவிடப் பொருத்தமான திரவம் கிடைக்காது. பாகு பூசாமல் ஓவனில் சுடும் இறைச்சிக்கு அதன் சாற்றையே மேலே ஊற்றுவது நல்ல பழக்கம்தான். பாகு பூசிய ஹாமுக்கு அது நேர் எதிரி.

மேல்பரப்பு மட்டும் தட்டையாக இருந்ததால் அங்கே பாகு தேங்கியது. தேங்கிய இடம் கருகியது. சரிந்த இடம் வெறுமையானது. ஒரே ஹாமில் இரண்டு எதிரெதிர்ப் புகார் வந்த மர்மம் இவ்வளவுதான்.

விஸ்கி எங்கே போனது

அக்காவின் மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. "சூட்டில் சாராயம் ஆவியாகிவிடும், அதனால் விஸ்கி தெரியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடித்தால் அது பாதி தப்பு.

முதலில், சாராயம் அவ்வளவு எளிதில் முழுதாகப் போவதில்லை. எத்தனால் (சாராயத்தின் வேதிப் பெயர்) 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல், ஆகவே கொதி வந்ததும் சாராயம் பறந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். இரண்டும் கலந்த பிறகு அவை தனித்தனியே நடந்துகொள்வதில்லை. சேர்ந்தே ஆவியாகும், சேர்ந்தே மிஞ்சும். 1992-ல் அமெரிக்காவில் இதை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்நாட்டு வேளாண் துறையின் அட்டவணையும் அதே கதையைத்தான் சொல்கிறது: குழம்பு போன்ற கலவையில் சேர்த்து 15 நிமிடம் கொதித்தால் சுமார் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்துக்கு 25, இரண்டரை மணி நேரத்துக்கு 5. கொதிக்கும் திரவத்தில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் அப்படியே இருக்கும். தீ வைத்துக் கொளுத்தினாலும் 75 சதவீதம் இருக்கும் என்கிறது அட்டவணை. நீலத் தீயைப் பார்த்து "எல்லாம் எரிந்துபோச்சு" என்று நான் ஆறுதல் அடைந்தது வீண். அகலமான பாத்திரத்தில் வேகமாகப் போகும், குறுகலானதில் மெதுவாக.

அதைவிட முக்கியம், விஸ்கியின் ருசி சாராயத்தில் மட்டும் இல்லை. மூக்கை முதலில் தொடும் பழ வாசனை எஸ்டர்கள் என்ற இலேசான பொருட்களால் வருவது. அவை சாராயத்தோடு சேர்ந்து முதல் சில நிமிடங்களிலேயே கிளம்பிவிடும். மரப் பீப்பாயிலிருந்து வந்த, வனிலா வாசனை தரும் வனிலின் போன்றவை கனமானவை. வனிலினின் கொதிநிலை 285 டிகிரி. பாகு காய்ச்சும் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே காய்ச்சக் காய்ச்ச விஸ்கி இரண்டாகப் பிரிகிறது: போவது மணம், நிற்பது மரம். ரொம்பக் காய்ச்சினால் பீப்பாயின் துவர்ப்பும் சேர்ந்து திரண்டு கசப்பாக முடியும்.

என் கிளேஸில் மணம் முழுதும் ஓவன் வழியாக வெளியே போனது. நின்ற மரமும் எங்கே நின்றது? வழிந்து தட்டில் கருகிய பாகில், அல்லது மேலே கரியான பாகில். நாக்குக்கு வந்தது எஞ்சிய இனிப்பு மட்டும்.

பதில் தெரிந்ததும் செய்ய வேண்டியது எளிதாகிவிட்டது. விஸ்கியை இரண்டு தவணையாகச் சேர்க்க வேண்டும். பெரும்பகுதி தொடக்கத்தில், மரத்துக்காக. ஒரு கரண்டி கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, மணத்துக்காக.

எந்த விஸ்கி என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனிப்புக் கிளேஸுக்கு என் ஓட்டு பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்கு. அமெரிக்கச் சட்டப்படி அதன் தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். புதுப் பீப்பாய் என்பதால் வனிலா வாசனை தாராளமாக இறங்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அது சூட்டில் சிதையும்போது வனிலின் கிடைக்கிறது, புகை வாசனை தரும் குவாயகால் கிடைக்கிறது. பீப்பாயின் உள்சுவரைக் கருக்கும்போதும் இது நடக்கிறது, ஹாமுக்கு விறகுப் புகை காட்டும்போதும் இதுவேதான் நடக்கிறது. ஹாமும் பர்பனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை, ஒருவகையில் பங்காளிகள்.

பீட் (எரிபொருளாகும் சதுப்பு நில மண்) புகை ஏற்றிய ஸ்காட்ச் வகையையும் சின்ன அளவில் காய்ச்சிப் பார்த்தேன். தனியாகக் குடிக்க நன்றாக இருக்கலாம். சர்க்கரையோடு சுண்டியதும் மருந்துக் கடை வாசனை தூக்கியது. பல ஆண்டுகள் பழுத்த விலையுயர்ந்த பாட்டிலைப் பாகில் கொட்டுவதும் வேண்டாத வேலை. அதன் நுணுக்கமெல்லாம் முதல் கொதியிலேயே போய்விடும். தேன் கலந்த இனிப்பு விஸ்கி வகையென்றால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ந்த இறைச்சி பற்றி ஒரு வார்த்தை

அக்கா சொல்லாமல் விட்டது இது. உள்ளே சக்கையாக இருந்தது. முழுமையாக வெந்த ஹாமை நாம் சமைப்பதில்லை, சுடவைக்கிறோம். கண்காணிப்புக்கு உட்பட்ட ஆலையில் அடைத்த, முன்பே வெந்த ஹாமுக்கு உள்சூடு 60 டிகிரி போதும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டல். உறையைப் பிரித்து மறுபடி கட்டியது போன்றவற்றுக்கு 74. வேகாத ஹாம் என்றால் 63 டிகிரிக்குக் கொண்டுவந்து குறைந்தது மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். நான் 72 வரை ஏற்றி, ஊறியிருந்த நீரையெல்லாம் பிழிந்து தட்டில் விட்டேன். அதைத்தான் மொண்டு மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஹாம்

இம்முறை 3.4 கிலோ, அதே வகை. பாகை முதல் நாளே காய்ச்சிப் பழகிக்கொண்டேன்.

200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 60 கிராம் தேன், 85 மில்லி பர்பன், 45 மில்லி ஆப்பிள் சிடர் வினிகர். வினிகரை மூன்று மடங்காக்கியதற்குக் காரணம் முதல் முறை வந்த திகட்டல். ஹாமில் உப்பு ஏற்கெனவே தூக்கலாக இருக்கும்; கிளேஸில் இன்னும் உப்புப் போட்டு இனிப்பைச் சமன் செய்ய முடியாது, புளிப்பால்தான் முடியும். வினிகரால் இன்னொரு லாபம், உடைந்த சர்க்கரை இருப்பதால் பாகு ஆறியதும் மணல்போல் பூத்துப்போகாது.

பர்பனை ஒரு சின்ன டம்ளரில் அளந்து, பாட்டிலை மூடி, அறையின் மறுபக்கம் வைத்தேன். அடுப்பு எரியாதபோதே எல்லாவற்றையும் கலந்து, சர்க்கரை கரைந்த பிறகுதான் தீ வைத்தேன். 40 சதவீத விஸ்கியின் ஆவி, கொதிக்கவே வேண்டியதில்லை, வெயில் நாளின் அறைச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளக்கூடியது. மூடியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். தேவைப்படவில்லை.

பாத்திரத்தோடு தராசில் வைத்துப் பார்த்ததில் சாமான் எடை 385 கிராம். மிதமான தீயில் கொதிக்கவிட்டு, 310 கிராமுக்குச் சுண்டியதும் நிறுத்தினேன். தெர்மாமீட்டர் 107 டிகிரி காட்டியது. தராசும் தெர்மாமீட்டரும் இல்லாவிட்டால், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் இரு விரலுக்கு நடுவே தொட்டு இழுக்கலாம். மெல்லிதாக ஒரு கம்பி வந்து அறுந்தால் போதும். நன்றாக நீளும் கம்பி வரும்வரை விட்டால் ஆறியதும் பிரஷ்ஷில் ஏறாது. சூடாக இருக்கும்போது பாகு தண்ணியாகத்தான் தெரியும், அதை நம்பி இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடத் தோன்றும். விடக் கூடாது. அப்படி விட்ட என் முதல் நாள் ஒத்திகைப் பாகு மிட்டாயாகிவிட்டது. (வீணாகவில்லை. இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்கியதும் இளகிவிட்டது.)

அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, 30 கிராம் உப்பில்லாத வெண்ணெய், மிளகுத் தூள், கால் தேக்கரண்டி கிராம்புத் தூள், கடைசியாக ஒரு மேசைக்கரண்டி பர்பன். கடுகின் நெடி சூட்டில் ஓடிவிடும் என்பதால் அதையும் பின்னுக்குத் தள்ளினேன். முதல் கரண்டியை நக்கிப் பார்த்தபோது சாராயம் சுள்ளென்று அடித்தது. பயந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது அந்த முனை மழுங்கி மணம் மட்டும் நின்றது.

கடைசிக் கரண்டியைச் சேர்க்கும் முன் பாகில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். சாராயம் குறைவாக இருக்கட்டும் என்றுதான். அதிலும் காய்ச்சும்போது மிஞ்சியது கொஞ்சம் இருக்கும் என்பதால் சாராயமே தொடாதவர்களுக்கு அது விடை ஆகாது. அவர்களுக்கு விஸ்கிக்குப் பதில் ஆப்பிள் சாற்றைச் சுண்டவைத்து வேறு பாத்திரத்தில் கிளேஸ் செய்வதே நேர்மை. அதிலும் வனிலா வாசனைக்காக எசன்ஸ் விடுகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படிக்க வேண்டும். முறையான வனிலா எக்ஸ்ட்ராக்ட்டில் 35 சதவீதமாவது சாராயம் உண்டு.

ஹாமை, வெட்டுப்பக்கம் கீழே இருக்குமாறு, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து, ஃபாயிலால் இறுக்கமாக மூடி, 160 டிகிரி ஓவனில் கீழ்த்தட்டில் வைத்தேன். கிளேஸ் ஒரு சொட்டுகூடப் போடவில்லை. கிலோவுக்கு முப்பத்தைந்து நிமிடம் என்று மனக்கணக்கு. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் உள்சூடு 50 டிகிரி. தெர்மாமீட்டர் முனை எலும்பைத் தொட்டால் எண் பொய் சொல்லும், அதனால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தேன்.

வெளியே எடுத்து ஃபாயிலைப் பிரித்ததும், தோல் கையாலேயே உரிந்து வந்தது. குளிர்ந்திருந்தபோது கத்தியோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டிய வேலை. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு. பாதியைச் சீவிவிட்டு, மிச்சத்தில் ஓர் அங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கீறினேன். கீறல் கொழுப்போடு நிற்க வேண்டும். இறைச்சிக்குள் இறங்கினால் அந்த வழியாகச் சாறு ஊறி வந்து பூச்சைக் கெடுக்கும். பிறகு காகிதத் துண்டால் பரப்பு முழுவதையும் ஒற்றி எடுத்தேன். இந்த ஒற்றல் அரை நிமிட வேலைதான். முந்தைய தோல்விக்கும் இதற்கும் நடுவே பெரிய வித்தியாசம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றினேன். விசிறி உள்ள ஓவன் என்றால் 180 போதும். இளஞ்சூடான பாகை முதல் கையாக மெல்லிசாகத் தடவி, எட்டு நிமிடம். இரண்டாம் கை, ஏழு நிமிடம். மூன்றாம் கை, ஐந்து. தட்டுச் சாற்றைத் தொடவே இல்லை. முதல் கை காய்ந்து பிசுபிசுப்பாகியிருந்ததால் இரண்டாவது அதைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது கையின்போது கண்ணாடி வழியாகப் பார்த்தால், பாகு பெரிய பெரிய குமிழாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குமிழ் சிறுத்து நிறம் இருளத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து கரிக்கு இரண்டு நிமிடத் தூரம்தான். அந்த ஐந்து நிமிடமும் ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை.

எடுக்கும்போது 57 டிகிரி. இருபது நிமிடம் மேசையில் ஓய்வு கொடுத்ததில் தானாகவே 61-க்கு ஏறியது. அந்த ஓய்வில்தான் கிளேஸும் இறுகியது. சூட்டோடு வெட்டியிருந்தால் கத்தியோடு உரிந்து வந்திருக்கும்.

மீதி

அக்கா இம்முறை முதலில் குனிந்து மோந்து பார்த்தாள். "ம்… இப்ப இருக்கு" என்றாள். எது இருக்கிறது என்று விளக்கவில்லை. பிறகு மேசையில் இருந்த இரண்டு கிண்ணங்களைக் காட்டி, "இதுல எதுடா பசங்களுக்கு?" என்று கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே கிண்ணம், எதிலும் சீட்டு ஒட்டவில்லை. மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சற்று முன்புதான் அட்டவணையைப் படித்துவிட்டு, சாராயம் முழுதாகப் போவதில்லை என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தேன். கடைசிக் கரண்டி சேர்த்த கிண்ணத்தில் இருந்தது 15 மில்லி பர்பன், அதாவது 6 மில்லி எத்தனால், கூடவே காய்ச்சியதில் மிஞ்சியது. பெரியவர்கள் பகிர்ந்துகொண்டால் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், தனியாக எடுத்து வைத்த மற்றக் கிண்ணமும் வேண்டாம். கடைசியில் பிள்ளைகளுக்குப் பூச்சு படாத உள்துண்டுகளை வெட்டிக் கொடுத்தோம். அவர்களுக்கு இறைச்சியே போதுமானதாக இருந்தது.

மேல்பரப்பு, பக்கங்கள் எல்லாம் ஒரே செம்பழுப்பு. கரி இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு இடத்தில் இருந்தது. எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான முனையில் இறைச்சி குறைவு, சூடு சீக்கிரம் ஏறும். மூன்று கையும் அங்கே தாராளமாகப் பட்டிருக்கிறது. உள்ளங்கை அளவுக்குக் கறுத்துவிட்டது. அடுத்த முறை இரண்டாம் கைக்குப் பிறகு அந்த முனையை மட்டும் ஃபாயிலால் சுற்றிவிட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி, கிண்ணங்களுக்குச் சீட்டு என்று அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்.